டைப் அடிக்கும்போது கர்சர் தானாக ஓடுகிறதா? உங்கள் கையைத் திட்டாதீர்கள்!

பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவுச் சாப்பாடு முடிந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கல்லூரி மாணவி அசைன்மென்ட் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார். கண் முழுக்க கீபோர்டில். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி நாலு வரி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கடைசி இரண்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மேலே முதல் பத்திக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. சில நாள் இன்னும் மோசம். ஒரு பத்தி மொத்தமாகக் காணாமல் போய், அந்த இடத்தில் ஒற்றை 'க' மட்டும் நிற்கும்.

வைரஸா என்று கேட்பார்கள். கீபோர்டு போச்சு என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் தீர்ப்பு, "உனக்கு ஒழுங்கா டைப் பண்ணத் தெரியல." உண்மையில் வேலையைக் காட்டுவது கீபோர்டுக்குக் கீழே இருக்கும் அந்தச் சதுரப் பலகை, டச்பேட். உள்ளங்கையின் ஓரம் லேசாகப் பட்டதை 'கிளிக்' என்று அது எடுத்துக்கொள்கிறது. கர்சர் அங்கே தாவுகிறது. அடுத்து அடிக்கும் எழுத்தெல்லாம் அங்கேயே விழுகிறது.

சின்ன விஷயம்தான். ஆனால் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. 2026 ஜனவரியில் லேப்டாப் விநியோகமும் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 சதவீதத்துடன் மாநிலத்திலேயே கடைசியில் இருந்த மாவட்டம் தருமபுரி. இங்கே கல்லூரிக்குப் போகும் பலருக்கு, வீட்டுக்கு வரும் முதல் கம்ப்யூட்டரே இந்த லேப்டாப்தான். அந்த முதல் வாரத்திலேயே "எனக்கு இது வராது" என்ற எண்ணத்தை ஒரு செட்டிங் உண்டாக்கிவிட்டால், அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

டச்பேட் எப்படி முடிவெடுக்கிறது?

செல்போன் திரை வேலை செய்யும் அதே தத்துவம்தான். டச்பேடின் மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் வலைபோல ஓடுகின்றன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் அருகே வந்ததுமே அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. எங்கே மாறியது, எவ்வளவு பெரிய இடத்தில் மாறியது, எவ்வளவு நேரம் என்பதை வைத்து 'இது விரல்', 'இது தட்டல்', 'இது இழுப்பு' என்று மென்பொருள் முடிவு செய்கிறது. அழுத்தவே வேண்டாம், பட்டாலே போதும். வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

உள்ளங்கை முழுசாகப் பட்டால் பிரச்சினை குறைவு. பெரிய பரப்பு என்பதால் 'இது கை' என்று தள்ளிவிடும். ஆனால் கட்டைவிரலின் அடிச்சதை ஓரமாக, ஒரு கணம் உரசிவிட்டுப் போனால்? அளவிலும் நேரத்திலும் அது அச்சு அசலாக ஒரு விரல் தட்டல்போலவே இருக்கும். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அது ஊகிக்கிறது. ஊகம் சில சமயம் தப்பும்.

டச்பேடை ஏன் சரியாகக் கை படுகிற இடத்திலேயே வைத்தார்கள் என்று கேட்கலாம். 1991-ல் ஆப்பிள் வெளியிட்ட முதல் பவர்புக் லேப்டாப்கள்தான் கீபோர்டைத் திரைப் பக்கம் தள்ளி, முன்னால் கை வைக்க இடம் விட்டு, நடுவில் உருட்டுப் பந்து ஒன்றை வைத்தன. பந்துக்கு ஊகம் கிடையாது, உருட்டினால்தான் அசையும். 1994-ல் பவர்புக் 500 வரிசையில் அந்தப் பந்தின் இடத்துக்கு டச்பேட் வந்தது. பிறகு எல்லா நிறுவனங்களும் அதே அமைப்புக்கு வந்துவிட்டன. வருடா வருடம் டச்பேடின் அளவு மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. கை வைக்க விட்ட இடத்தையே கை படக்கூடாத இடமாக்கிவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை.

மெதுவாக அடிப்பவருக்கே அடி அதிகம்

இங்கேதான் பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வேகமாக டைப் செய்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

டைப் செய்யும்போது டச்பேடைத் தற்காலிகமாக முடக்கி வைக்கும் ஏற்பாடு எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் உண்டு. ஒரு கீ அழுத்தப்பட்டால், 'ஆள் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார்' என்று கருதிக் கொஞ்ச நேரத்துக்குத் தொடுதலைக் கண்டுகொள்ளாது. அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு? லினக்ஸில் பரவலாகப் பயன்படும் லிப்இன்புட் மென்பொருளை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு கீ அடித்தால் 0.2 விநாடி, தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தால் கடைசி கீக்குப் பிறகு 0.5 விநாடி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஒரு வார்த்தைக்கு 5 தட்டு என்றால் நிமிடத்துக்கு 150 தட்டு. அதாவது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 0.4 விநாடி. லோயர் பாஸ் பண்ணியவர் சராசரியாக அந்த அரை விநாடிக்குள் அடுத்த கீயை அடித்துவிடுவார், பாதுகாப்பும் தொடரும். கீபோர்டில் எழுத்தைத் தேடுகிற புதியவருக்கு நிமிடத்துக்கு 12 வார்த்தை வந்தாலே பெரிது. அவருக்கு ஒரு தட்டுக்கு 1 விநாடி. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் காவல் விலகிவிடுகிறது. போதாக்குறைக்கு, எழுத்தைத் தேடும் நேரத்தில்தான் கை மேலெழும்பும், நகரும், மறுபடி கீழே வந்து அமரும். அந்த ஒவ்வொரு அமர்வும் டச்பேடுக்கு ஒரு புதிய தொடுதல்.

ஆக, டைப்பிங் தெரிந்தவரைக் காப்பாற்றும் விதத்தில்தான் அந்த ஏற்பாடே அமைந்திருக்கிறது. முதல்முறையாகக் கற்றுக்கொள்பவர்மேல்தான் முழு பாரமும் விழுகிறது. "டைப் பண்ணத் தெரியல" என்ற தீர்ப்பு பாதி உண்மைதான். ஆனால் அதற்குத் தண்டனை கொடுப்பது ஒரு மென்பொருள் கடிகாரம்.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மணிக்கட்டைக் கீழே ஊன்றாமல், விரலை மட்டும் வளைத்து அடிக்கச் சொல்லித்தான் அங்கே முதல் நாளே பழக்குவார்கள். டைப்ரைட்டரில் கையை ஊன்ற இடமே கிடையாது. அந்தப் பழக்கத்தோடு லேப்டாப்புக்கு வருபவரின் கை டச்பேடில் படுவதே அரிது. போனில் இருந்து நேராக லேப்டாப்புக்கு வரும் தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

தமிழில் என்றால் இன்னும் சிக்கல்

ஆங்கிலத்தில் கர்சர் தாவினால் ஒரு எழுத்து இடம் மாறும், அவ்வளவுதான். தமிழில் எழுத்தே உடையும்.

1999-ல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த தமிழ்99 கீபோர்டில், மெய்யும் உயிரும் தனித்தனி கீ. 'தருமபுரி' என்று அடிக்க த, ர, உ, ம, அ, ப, உ, ர, இ என்று 9 தட்டு. (ஊர்ப் பெயரை 'தர்மபுரி' என்று எழுதுவோரும் உண்டு, அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.) கடைசி 'ர'வுக்கும் 'இ'க்கும் நடுவில் கை பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 'தருமபுர' என்று மொட்டையாக நிற்கும். மூன்று வரி மேலே, சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லின் நடுவில் தனி 'இ' ஒன்று முளைத்திருக்கும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையிலும் இதே கதைதான். முன்னால் என்ன அடித்தோம் என்பதை வைத்துத்தான் மென்பொருள் எழுத்தைச் சேர்க்கிறது. கர்சர் நகர்ந்ததும் அந்த ஞாபகம் அறுந்துவிடும்.

திருத்துவதும் சுலபமில்லை. பேக்ஸ்பேஸ் தட்டினால் 'ரி'யில் முதலில் கொக்கி மட்டும் போகும், அடுத்த தட்டில்தான் 'ர' போகும். முன்பக்கமிருந்து டெலிட் தட்டினால் பெரும்பாலான இடங்களில் முழு எழுத்தும் போய்விடும். எந்தத் தட்டு எதை அழிக்கும் என்று பழகாதவருக்கு, ஒரு தப்பைத் திருத்தப்போய் நாலு தப்பு.

ஆன்லைன் படிவம் நிரப்பும்போது இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பல பிரவுசர்களில் டச்பேடில் இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். கையின் இரண்டு இடம் ஒரே நேரத்தில் உரசினாலும் சில சமயம் அப்படியே எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நிரப்பிய விண்ணப்பம் அதோடு காலி. கடைசித் தேதி இரவு 11 மணிக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்பதை வேலைக்கு விண்ணப்பிக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

சார்ஜர் போட்டால் மட்டும் ஆடுகிறதா?

அப்படியென்றால் அது வேறு நோய். கை படவே இல்லை, ஆனாலும் கர்சர் நடுங்குகிறது, தானாகத் தாவுகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் அடங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் டச்பேடைச் சந்தேகப்படும் முன் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்.

பெரும்பாலான லேப்டாப் சார்ஜருக்கு மூன்று பின் இருக்கும். மூன்றாவது தடித்த பின் எர்த். பழைய வீட்டில் இரண்டு பின் சாக்கெட்தான் இருக்கிறது என்று கன்வர்ட்டர் மாட்டுவது, அந்தத் தடித்த பின்னையே உடைத்துவிடுவது, எர்த் ஒயரே இழுக்காத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது எல்லாம் சகஜம். எர்த் இல்லாதபோது சார்ஜரில் இருந்து வரும் சிறிய மின் இரைச்சலுக்குப் போக வழி இருக்காது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரிவது அதனால்தான். மிக நுண்ணிய மின்மாற்றத்தை அளந்து வேலை செய்யும் டச்பேடுக்கு, இந்த இரைச்சலும் ஒரு விரல்தான்.

தருமபுரி மாதிரி வறண்ட மாவட்டத்தில் இன்னொரு கோணமும் உண்டு. வீட்டுக்கு எர்த் குழி இருந்தாலும், காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கோடையில் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியன் சும்மா சொல்லவில்லை. எர்த் இல்லாத இணைப்பு டச்பேடுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து என்பதால் அதைச் சரிசெய்யும் செலவை லேப்டாப் கணக்கில் எழுத வேண்டாம். அதுவரை, பேட்டரியில் ஓடும்போது டைப் வேலையை முடித்துக்கொள்வதே நல்லது.

எதை மாற்றினால் நிற்கும்?

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டச்பேட், அதற்குள் டேப்ஸ். அங்கே டச்பேட் சென்சிட்டிவிட்டி என்று ஒரு பெட்டி இருக்கும். வழக்கமாக மீடியத்தில் இருக்கும், அதை லோ ஆக்குங்கள். லோ வைத்தால் அழுத்தித் தொட வேண்டியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். டைப் செய்த பிறகு எவ்வளவு நேரம் தட்டலைக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் இது முக்கியமாகத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 8.1-ல் இதே வசதிக்கு 'கிளிக் வேலை செய்வதற்கு முன் தாமதம்' என்ற பொருளில் பெயர் இருந்தது. கேட்டாலே புரிகிற பெயர். பிறகு அதை 'சென்சிட்டிவிட்டி' என்று மாற்றியதில் யாருக்கு என்ன லாபமோ!

அதே இடத்தில், இரண்டு முறை தட்டி இழுத்தால் தேர்வு செய்யும் வசதிக்கும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பத்தி மொத்தமாகக் காணாமல் போவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். கை உரசியதில் பத்தி தேர்வாகிவிடுகிறது, அடுத்து அடித்த எழுத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. (நடந்துவிட்டால் பதறாமல் உடனே கன்ட்ரோல் இசட். பத்தி திரும்பி வரும்.) இதன் பிறகும் தொல்லை இருந்தால், ஒரு விரல் தட்டலைக் கிளிக்காக எடுக்கும் டிக்கையும் எடுத்துவிடலாம். அதன்பின் டச்பேடை 'டக்' என்று அழுத்தினால்தான் கிளிக். இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

மவுஸ் இருக்கிறதா? அதே பக்கத்தில், மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேட் இயங்க வேண்டுமா என்ற டிக்கை எடுத்துவிட்டால், மவுஸ் செருகியதும் டச்பேட் தானாக உறங்கிவிடும். மேக்கில் இதற்கு இணையான வசதி அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. லினக்ஸில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் உட்பட, மவுஸ் அண்ட் டச்பேட் பகுதியில் தட்டலைக் கிளிக்காக எடுக்கும் வசதியை நிறுத்திவிடலாம். டச்பேட் மேல் கனமான அட்டை ஒன்றை வைத்துவிட்டு டைப் அடிப்பவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம், வேலை செய்யும். மெல்லிய பேப்பர் என்றால் பயனில்லை, அதைத் தாண்டியும் டச்பேட் கையை உணரும்.

ஒரு எச்சரிக்கை. சில ஆண்டு ஓடிய லேப்டாப்பில் டச்பேட் லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, அழுத்தவே முடியாமல் இறுகிப்போனாலோ, தானாகவே கிளிக் ஆனாலோ, அது செட்டிங் பிரச்சினை இல்லை. டச்பேடுக்கு அடியில் அல்லது பக்கத்தில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

லேப்டாப் கொடுக்கும் அன்றே செய்யலாமே

மேலே சொன்னதெல்லாம் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு, பிரச்சினை டச்பேடில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது செட்டிங்ஸில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அங்கே ஆங்கிலத்தில் எழுதியிருப்பது புரிய வேண்டும். முதல் லேப்டாப் வாங்கும் மாணவரிடம் இத்தனையையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அரசு லேப்டாப்களைக் கொள்முதல் செய்வது எல்காட். லட்சக்கணக்கில் வாங்கும்போது என்ன மென்பொருள் நிறுவித் தர வேண்டும் என்று நிபந்தனை போட முடியும். அப்படியிருக்க, சென்சிட்டிவிட்டி லோ, தட்டி இழுக்கும் வசதி ஆஃப், தமிழ்99 தயார் நிலையில் என்று மூன்று வரியை அந்த நிபந்தனையில் சேர்ப்பது பெரிய காரியமா? கூடுதல் செலவும் பெரிதாக இருக்காது. தட்டிக் கிளிக் செய்வது பலருக்கு வசதி, அதை ஏன் எல்லோருக்கும் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம். வசதி வேண்டும் என்பவருக்கு அதைத் திரும்ப ஆன் செய்யத் தெரியும். ஆஃப் செய்ய வேண்டியவருக்குத்தான் எங்கே போவதென்றே தெரியாது. பழகாதவருக்குப் பாதுகாப்பானது எதுவோ அதுவே முதல் நாள் அமைப்பாக இருக்கட்டும்.

ஆளுக்கொரு மவுஸ் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் ஒரு வாதம் உண்டு. மேசை இருக்கும் வீட்டுக்கு அது சரி. கட்டிலிலும் திண்ணையிலும் மடியிலும் வைத்துப் படிப்பவருக்கு மவுஸை எங்கே உருட்டுவது?

வகுப்பு என்று பார்த்தால், 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு கோடிங் முதல் ஆங்கிலப் பேச்சு வரை பயிற்சி தரப்படுகிறது. அதில் முதல் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். மணிக்கட்டை ஊன்றாமல் அடிப்பது எப்படி, டச்பேடை அடக்குவது எப்படி, போன பத்தியைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று மூன்றே விஷயம். சொல்லித்தர வெளியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. உள்ளூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மேடத்தைக் கூப்பிட்டாலே போதும். வேகமாக அடிப்பதற்கு முன் கையை எங்கே வைப்பது என்று அவர்களைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் கிடையாது.

கடைசியாக ஒன்று. டச்பேடை மொத்தமாக ஆஃப் செய்துவிட்டு, மவுஸும் கையில் இல்லாமல் மாட்டிக்கொண்டால்? அல்லது எஃப்என் கீயோடு ஏதோ ஒரு பட்டன் தெரியாமல் பட்டு டச்பேட் செத்துவிட்டால்? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மேல் வரிசை கீகளில் டச்பேட் படம் போட்டது இருந்தால், எஃப்என் கீயோடு சேர்த்து அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸ் கீயைத் தட்டி, டச்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். திறக்கும் பக்கத்தில் டேப் கீயால் அந்த ஸ்விட்ச் வரை நகர்ந்து, ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. உயிர் வந்துவிடும்.